கீழ் வளைவு

பெப்ரவரி 2, திங்கள்

காலையில் பனி. எட்டரைக்கு வெயில். நவம்பர் மழைக்குப் பிறகு மைதானம் இன்றுதான் காலுக்குக் கெட்டியாக இருந்தது. ஓடுபாதை கீறும் வேலை.

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி மார்ச் 6. தேவை: சுண்ணாம்பு 4 மூட்டை. கயிறு. கொடி 12. விசில் (என்னுடையதைத் தரம் 9 தொலைத்துவிட்டது). இருமல் மருந்து.

மேல் வளைவின் நடுவில் ஓர் இரும்பு முளை, கீழ் வளைவின் நடுவில் இன்னொன்று. போன வருடம் நானே அளந்து அடித்தவை. இடையில் சரியாக 50 மீ. இரண்டையும் மையமாக வைத்துக் கயிறு சுற்றினால் 200 மீ. பாதை கிடைத்துவிடும். அதனால் இம்முறை டேப் பிடிக்கவில்லை. முளைகள் எங்கே போகப் போகின்றன?

பி.ப. நிரோஷா 800 மீ. நான்கு சுற்று. 2 நிமி. 39. போன வருடம் இதே மைதானத்தில் 2.36. தரம் 10 பிள்ளை. வீடு கீழ் வளைவுக்கு நேர் கீழே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில். மைதானத்தின் விளிம்பில் நின்றால் அவர்களுடைய தகரக் கூரை தெரியும். விடுமுறையில் ஏறி வந்து ஓடியிருக்கலாம். சோம்பல்.

பஸ் பிந்தியது. வத்தேகமைக்கு, வீட்டுக்கு வர ஆறரை. வீட்டுக்காரர் பல்லேகல ஃபெக்டரியிலிருந்து எனக்கு முன்னரே வந்து சோறு வைத்திருந்தார். குழைந்துவிட்டது. சொல்லவில்லை.

பெப். 6, வெள்ளி

வெயில். மழையே இல்லை.

நிரோஷா 2.41. 800 ஓடும் மற்ற இருவரும் பின்னுக்குத்தான். அஞ்சலோட்டக் குழுவும் மந்தம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என்ன வந்தது?

மைதானத்துக்குக் கீழே மதகு ஒன்று இருக்கிறது. வருடம் முழுக்கத் தண்ணீர் சலசலக்கும். இன்று கொடிக் கம்பம் நடும்போது ஏதோ குறைவதுபோல் இருந்தது. வெகுநேரம் என்னவென்று பிடிபடவில்லை. பிறகு விளங்கியது. அந்தச் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன், மதகு காய்ந்து கிடக்கிறது. இவ்வளவு மழை பெய்த வருடத்தில்.

பெப். 11, புதன்

இன்று கோபப்பட்டேன். எழுதி வைக்கிறேன்.

நிரோஷா 2.43. மூன்றாம் சுற்றில் கீழ் வளைவிலிருந்து ஏறும்போது சேற்றில் ஓடுகிறவள்போல் வந்தாள். தரை காய்ந்துதான் கிடக்கிறது.

“காலையில சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் டீச்சர்.”

“பின்ன என்ன? மனசு எங்க இருக்கு?”

“நான் நல்லாத்தான் ஓடுறேன் டீச்சர். தரைதான் காலப் புடிச்சு இழுக்குது.”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். “ஓட ஏலாட்டி சொல்லு, வேற பிள்ளயப் போடுறேன்” என்றேன். அவள் அழவில்லை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுப் பக்கம் இறங்கிப் போனாள்.

கடைசிப் பாடம் தரம் 6. ஓடச் சொல்லிவிட்டுத் திரும்பினால் ஏழெட்டுப் பேர் கீழ் வளைவில் குப்புறப் படுத்துக் காதைத் தரையில் வைத்திருந்தார்கள். என்ன விளையாட்டு இது என்று கேட்டேன். ஒரு பெண் பிள்ளை வாயில் விரலை வைத்து, “ஷ்ஷ், உள்ளுக்க யாரோ நடக்குறாங்க டீச்சர்.”

எழுப்பி வகுப்புக்கு அனுப்பினேன். எல்லோரும் போனபின் நான் குனிந்தேன். பிறகு யாராவது பார்ப்பார்கள் என்று நிமிர்ந்துவிட்டேன்.

பெப். 13, வெள்ளி

வலைப்பந்துப் பயிற்சி. இடைவேளையில் பந்தை நடுவில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனோம். திரும்பிப் பார்க்கும்போது அது உருண்டுகொண்டிருந்தது. காற்று இல்லை. மெதுவாக, அவசரமில்லாமல், கீழ் வளைவை நோக்கி. வெள்ளைக் கோட்டைத் தாண்டி விளிம்புப் புல்லில் போய் நின்றது. ஒருவரும் எடுக்க ஓடவில்லை. நானே போய் எடுத்தேன்.

இந்த மைதானத்தில் ஒன்பது வருடம். பந்து தானாக உருண்டு பார்த்ததில்லை.

அவருடைய நீலச் சேர்ட்டுக்குப் பொத்தான் தைக்க.

பெப். 16, திங்கள்

கோடு உடைந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை கீறிய சுண்ணாம்புக் கோடு. கீழ் வளைவு தொடங்கும் இடத்தில், அறுந்த நூலை ஒட்டவைத்தது போல ஒரு கை அகலம் விலகி நிற்கிறது. நான்கு சுவடும், ஓடும் தடம் நான்கும், அப்படியே. மாடு மிதித்திருந்தால் ஒரு சுவடுதான் கெடும்.

டேப் எடுத்தேன். முளைக்கு முளை 50.23.

டேப்பில் பிழை என்று நினைத்து, அலுவலகத்திலிருந்து வேறு டேப் வாங்கி வந்தேன். 50.23. மூன்றாம் முறை நிரோஷாவையே மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். 50.23. அவள் டேப்பைப் பார்க்கவில்லை. கீழே அவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெப். 18, புதன்

50.31.

குகன் சேரிடம் காட்டினேன். கணித ஆசிரியர், யாழ்ப்பாணம், இங்கே மாற்றலாகி வந்து இரண்டு வருடம். என் கொப்பியை வாங்கிக்கொண்டு போனார். இடைவேளையில் தேநீரை ஆறவிட்டுக் கணக்குப் போட்டார்.

“ஓம் டீச்சர், நான் ரெண்டு தரம் பாத்தனான். நீளம் கூடினதால அரைச் செக்கன்தான் போகும். மிச்சம் நீளத்தால இல்லை.”

“அப்ப எதால?”

“தரை சாய்ஞ்சிருக்கு. கீழ இருந்து மேல வாற பக்கம் பிள்ளை ஒவ்வொரு சுற்றும் மலை ஏறுது. இதை வச்சுப் பாத்தா அவள் போன வருசத்தைவிட வேகமாத்தான் ஓடுறாள்.” கொப்பியை மூடிவிட்டு, “டீச்சர், நான் இதைச் சொல்ல விரும்பேல்லை. முளை நகரேல்லை. மைதானம்தான் நகருது.”

இருவரும் போய்ப் பார்த்தோம். உடைந்த கோட்டில் புல்லைக் கையால் விலக்கினோம். வெடிப்பு. மயிரிழைதான், ஆனால் மைதானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை. புல் அதை மூடிக்கொண்டிருந்தது. விரலை வைத்தேன். பகல் பன்னிரண்டு மணி வெயில். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து விரலில் பட்டது. ஈரமண் வாசனை. வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

குகன் சேர் கையைக் காற்சட்டையில் துடைத்தார். அவர் வெடிப்பைத் தொடவேயில்லை.

பின்னேரம் நிரோஷாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனேன். வாய் வரவில்லை. “உன் ஓட்டத்துல பிழை இல்ல” என்று மட்டும் சொன்னேன். “தெரியும் டீச்சர்” என்றாள்.

பெப். 20, வெள்ளி

50.38. யாரையும் கீழ் வளைவுக்கு விடவில்லை. மேல் பாதியில் மட்டும் பயிற்சி.

அதிபர் நஸீர் சேரிடம் போனேன். நோன்பு இரண்டாம் நாள், களைத்திருந்தார். ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு உடனே வந்தார். சுற்றிப் பார்த்தார். பச்சைப் புல், வெள்ளைக் கோடு, கொடிகள்.

“டீச்சர், நீங்க செல்றது எனக்கு வெளங்குது. ஆனா பாக்கிறதுக்கு ஒண்டுமே இல்லயே. பிரதம அதிதிக்கு நான் என்ன செல்ற? மைதானம் முப்பத்தெட்டு சென்ரிமீற்றர் நடந்திட்டுது எண்டா?”

சிரிக்கத்தான் சொன்னார். சொன்னபின் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கிராம சேவகருக்கு அங்கேயே நின்று போன் பண்ணினார். அடுத்த கிழமை அதிகாரிகளோடு வருவாராம்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “அந்தக் கிரவுண்ட விட்டா வேற நெனப்பே இல்லயா ஒனக்கு? சாப்பிடு.” நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். சாப்பிட்டேன்.

பெப். 24, செவ்வாய்

50.58. மழை இல்லை. யாரும் வரவில்லை.

கீழ் வளைவுப் பக்கத்துக் கோல் கம்பம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருப்பதுபோல் தெரிகிறது. கண்ணின் குற்றமாகவும் இருக்கலாம். இப்போதெல்லாம் நேரான எதையும் நம்ப முடியவில்லை. கரும்பலகையின் விளிம்பைக்கூட உற்றுப் பார்க்கிறேன்.

பெப். 26, வியாழன்

பிற்பகல் இரண்டிலிருந்து நாலரை வரை பேய் மழை. ஆசிரியர் அறை ஜன்னலில் நின்று மைதானத்தைப் பார்த்தேன். எங்கும் தண்ணீர் தேங்கவில்லை. பெய்வது அத்தனையும் உள்ளே போகிறது.

பெப். 27, வெள்ளி

நீண்ட நாள். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை 7.10. 51.12. ஒரே இரவில் அரை மீற்றருக்கு மேல். மயிரிழையாக இருந்த இடத்தில் இப்போது என் கை நுழைகிறது.

7.30. பிள்ளைகள் ஒருவரும் மைதானத்தில் இறங்கக்கூடாது என்று வாசலில் நின்று சொன்னேன். இறங்கும் படிக்குக் குறுக்கே, வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைப் போட்டேன். அதிபரிடம் அனுமதி கேட்கவில்லை.

8.00. அதிபர் வந்தார். வாங்குகளைப் பார்த்தார். டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்தார். பிறகு முழங்காலிட்டு வெடிப்புக்குள் கையை விட்டார். எடுக்கும்போது முகம் மாறியிருந்தது. “குளிருது” என்றார். அவ்வளவுதான். “பிள்ளைகள மேல ரோட்டுக்கு அனுப்புங்க. போட்டி இல்ல. நான் பேசிக்கொள்றன்.”

மேலே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. கீழே லயம். பன்னிரண்டு வீடு. நானும் குகன் சேரும் படியால் இறங்கத் தொடங்கினோம். பாதி வழியில் யாரோ எங்களை முந்திக்கொண்டு போனார்கள். நிரோஷா. கூப்பிட்டேன், திரும்பவில்லை.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவள் வீடு வீடாகக் கதவைத் தட்டியிருந்தாள். பெண்கள் பாதிப் பேர் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். எங்களை எதிர்த்துப் பேசியது ஒரே ஆள், நிரோஷாவின் அப்பா செல்வராஜ். கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிறவர்.

“நவம்பர்ல அந்த மழ பேஞ்சிச்சு. அப்பவே ஒண்ணும் ஆகல. இப்ப வெயில்ல வந்து ஆகப்போகுதா? நீங்க போங்க டீச்சர். ஓட்டப் போட்டிய நடத்துங்க.”

நிரோஷா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏந்திரி.”

“நீங்க வராட்டி நானும் வரல்ல.”

கையை ஓங்கினார். அவள் அசையவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் சத்தம் போடாமல் சொன்னாள்: “கட்டிலுக்குக் கீழ சாக்கப் போட்டு மறைச்சிருக்கீங்கள்ல அப்பா. அத டீச்சருக்குக் காட்டுங்க.”

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. குகன் சேர் உள்ளே போய்ச் சாக்கை விலக்கினார். சீமெந்துத் தரை கட்டிலின் நீளத்துக்குப் பிளந்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு கிழமை என்றார். ராத்திரியில் அதுக்குள்ளிருந்து காற்று வருமாம். பிள்ளை பயப்படும் என்று சாக்குப் போட்டாராம். பிள்ளை அந்தச் சாக்குக்கு மேல் படுத்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“தெரியாம இல்ல டீச்சர். எங்க போறது? நீங்களே சொல்லுங்க, எங்க போறது?”

“இப்போதைக்கு ஸ்கூல் மண்டபத்துக்கு” என்றேன். அந்த “இப்போதைக்கு” எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் உள்ளே போய்ச் சாமிப் படத்தையும் மகளுடைய ஓட்டச் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஒரு மணிக்குள் எல்லோரும் மண்டபத்தில். தோட்டத்தில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். கிராம சேவகர் வந்தார், பெயர் எழுதினார். நோன்பு திறக்க ஐந்து நிமிடம் இருக்கையில்தான் அதிபர் வீட்டுக்குப் போனார். பேரீச்சம்பழம் வாங்க மறந்துவிட்டதாம்.

மார்ச் 1, ஞாயிறு

வெயில். மைதானம் விழவில்லை.

மண்டபத்தில் முணுமுணுப்பு. “டீச்சர் கனவு கண்டிருக்கும்.” “கோழிக்கு யாரு தீனி வைக்கிறது?” எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசுகிறார்கள். நியாயம். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு அம்மா வாங்கவில்லை.

விழவேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதவே பயமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

நேற்றுப் போயா, பௌர்ணமி விடுமுறை. இன்று பாடசாலை. நீல வானம். பிள்ளைகள் மேல் கட்டடத்தில், ரோட்டுப் பக்க வகுப்புகளில் மட்டும்.

காலையில் செல்வராஜ் யாரிடமும் சொல்லாமல் கோழிகளைப் பார்க்க இறங்கியிருக்கிறார். 10.15க்கு இரண்டு கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். என்னைப் பார்த்து, “ஒண்ணும் இல்ல டீச்சர். எல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனா ஒரு குருவி சத்தம்கூடக் கேக்கல” என்றார்.

10.40. நான் ஆசிரியர் அறை வாசலில். முதலில் சத்தமே இல்லை. வெள்ளைக் கோடுகள் அசைந்தன. யாரோ கீழே நின்று பாய் ஒன்றைத் தன் பக்கம் இழுப்பதுபோல, கீழ் வளைவு முழுவதும் எங்களை விட்டு விலகிப் போனது. கோல் கம்பங்கள் விழவில்லை. நின்றபடியே இறங்கின. கொடிகள் ஆடிக்கொண்டே இறங்கின. அவை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சத்தம். வயிற்றுக்குள் கேட்ட சத்தம். ஜன்னல்கள் எல்லாம் ஒன்றாக நடுங்கின.

பிறகு தூசி. பிறகு பிள்ளைகள் அலறத் தொடங்கினார்கள்.

அதிபர் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். குகன் சேர் மண்டபத்துக்கு ஓடித் தலைகளை எண்ணினார். எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எல்லோரும் இருக்கிறார்கள். எல்லோரும்.

தேநீர் வாங்க மறுத்த அம்மா வந்து என் கையைப் பிடித்தாள்.

ஞாயிறு நினைத்தது ஞாபகம் வந்தது. குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன்.

மார்ச் 5, வியாழன்

பொலிஸ் நாடா கட்டியிருக்கிறார்கள். அதற்கு இப்பால் நின்று பார்க்க விட்டார்கள்.

உடைந்து சிதறிக் கிடக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. கீழ் வளைவு முழுதாகக் கீழே கிடக்கிறது. புல் பச்சையாக. நான்கு சுவடும் அழகாக வளைந்து, கோடு ஒரு இடத்திலும் அறாமல். நான் கீறியபோதுகூட அவ்வளவு வடிவாக இருந்ததில்லை. லயம் எங்கே என்று தேடினேன். லயம் அதற்கு அடியில். எட்டாம் வீட்டின் கூரைத் தகரத்தில் ஒரு மூலை மட்டும் இரண்டாம் சுவட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

நிரோஷா பக்கத்தில் நின்றாள். “எங்க வீடு மூணாவது சுவட்டுல வருது டீச்சர்” என்றாள். வகுப்பில் விடை சொல்லும் குரல்.

அவளுடைய அப்பா தூரத்தில் நின்றார். கிட்டே வரவில்லை.

மார்ச் 11, புதன்

வேலை: கோயில் மண்டபத்தில் தரம் 6–9, பழைய கூட்டுறவுக் கடைக் கட்டடத்தில் தரம் 10, 11. உடற்கல்விப் பாடம் ரோட்டோரம். லயத்துக் குடும்பங்கள் இன்னும் ரோட்டுப் பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில்; மற்றக் கட்டடங்களுக்குத் தடை. காணி பார்ப்பதாகச் சொல்கிறார்கள். எப்போது என்று சொல்வதில்லை. செல்வராஜ் தினமும் என்னிடம் கேட்கிறார், “ஏதும் தெரியுமா டீச்சர்?” தெரியாது.

முன்னனுமதி இல்லாமல் போட்டியை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு அதிபருக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அனுப்பிய திகதி மார்ச் 3. அதிபர் அதை எனக்குக் காட்டிவிட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் போடப்போவதாகச் சொன்னார்.

வலய மட்டப் போட்டி 26ஆம் திகதி. நிரோஷாவிடம் கேட்டேன், வேண்டாமென்றால் வேண்டாம் என்று. “ஓடுறேன்” என்றாள். தார் ரோட்டில் பழகுகிறோம். முழங்காலுக்கு நல்லதில்லை. வேறு வழி இல்லை.

அன்று வாயில் வராத மன்னிப்பை இன்று கேட்டேன். சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “நானும் மொதல்ல என் கால்லதான் பிழைன்னு நெனச்சேன் டீச்சர்.”

மார்ச் 26, வியாழன்

கண்டி. பெரிய மைதானம், 400 மீ. பாதை, தட்டையாக, அகலமாக. வெயில் கண்ணைக் கூசியது. வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார், நான் கேட்காமலே. செல்வராஜும் வந்தார், இரவல் சேர்ட்டில்.

800 மீ. இரண்டே சுற்று. வெடி கேட்டதும் நிரோஷா பின்னால்தான் இருந்தாள். முதல் சுற்று முடிவில் நான்காவது. இரண்டாம் சுற்றின் கடைசி வளைவில் வெளிப்பக்கமாக வந்து மூவரையும் தாண்டினாள். மேல்மூச்சு வாங்கவேயில்லை. அப்படி ஒரு ஓட்டத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. முதலாவது. 2.31. அவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். செல்வராஜ் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

அவள் நிற்கவில்லை.

கோட்டைத் தாண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். சனம் முதலில் கைதட்டியது. வெற்றிச் சுற்று என்று நினைத்தார்கள். வளைவு தாண்டினாள். கைதட்டல் ஓய்ந்தது. ஒலிபெருக்கியில் இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், சிங்களத்தில், பிறகு தமிழில். அடுத்த ஓட்டத்துக்குப் பிள்ளைகள் வந்து நின்றுவிட்டார்கள். அவள் எதிர்ப் பக்கத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. காலடியை மட்டும் பார்த்துக்கொண்டு.

கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். ஒரு நடுவர் கத்தினார். கடைசி வளைவில் அவளோடு சேர்ந்துகொண்டு பக்கத்தில் ஓடினேன்.

“நிரோஷா. முடிஞ்சிருச்சு. நீதான் முதல். நில்லு.”

“நிக்கப் பயமா இருக்கு டீச்சர்.”

“ஏன்?”

“நின்னா போயிரும்.”

எது என்று கேட்கவில்லை. ஓடினோம். எனக்கு மூச்சு முட்டியது. அவளுக்கு இல்லை.

“இங்க தரை எங்கயும் போகாதும்மா. நில்லு.”

அப்போதுதான் முதல் முறையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“நீங்க மொதல்ல நில்லுங்க டீச்சர்.”

நின்றேன்.